இடமிருந்து வலம்

என் வீட்டுக்காரரின் இடது கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட வந்த ஆள் முதலில் கையைப் பார்க்கவில்லை. குனிந்து சட்டையை மோந்து பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னாம்மா, பகல்லயே போட்டுகினாரா?" என்று கேட்டான்.

அது ஸ்பிரிட் வாசனை. சாராய வாசனை அல்ல. நான் மரச் சாமான்களுக்கு பாலிஷ் போடுகிறவள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தில் நனைத்து, கதவிலும் ஜன்னலிலும் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவது என் வேலை. கோலார் தங்கவயலில் அதற்குக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். திறந்து வைத்தால், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டிலிருந்து காற்றோடு வரும் வெள்ளைத் தூசி ஈர பாலிஷில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை எப்போதும் மூடியே கிடக்கும். உள்ளே ஒரு பக்கம் அவர் இழைப்பார், இன்னொரு பக்கம் நான் பாலிஷ் போடுவேன். அவர் சட்டை, என் புடவை, எங்கள் தலைமுடி எல்லாமே ஸ்பிரிட் நாறும். போதாக்குறைக்கு, அவர் கை கிழிந்தபோது அவசரத்தில் நான் சுற்றியது பாலிஷ் துணியைத்தான். கைக்குக் கிடைத்தது அதுதான்.

இதையெல்லாம் அந்த ஆளிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "எல்லா பொம்பளைங்களும் இப்பிடித்தாம்மா சொல்றாங்கோ" என்றான். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அவர் குடித்தவர்தான். அதை நான் மறைக்கவில்லை. சுரங்கத்தில் இருந்தபோது, லெவல் என்கிற பூமிக்கடிப் பாதையில் கல் சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை அவருக்கு. ஷிஃப்ட் முடிந்து கேஜ் கூண்டில் மேலே வந்ததும் நேராகப் பாக்கெட் சாராயக் கடைக்குப் போவார். எங்கள் மகள், அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தாலே பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். ஒருநாள் அவள் அப்படிப் போவதை அவர் பார்த்துவிட்டார்.  அதற்குப் பிறகு சாராயத்தைத் தொடவில்லை. அப்போது அவள் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். இந்த விபத்து நடந்தபோது அவள் பத்தாவது. இடையில் சுரங்கத்தில் ஆள் குறைத்தார்கள், அவர் வெளியே வந்தார், தெரிந்த தச்சு வேலையை வைத்துக் கொட்டகை போட்டோம். இத்தனையும் குடிக்காமல் நடந்தது. ஊருக்கு அது தெரியும். தெரிந்துதான் பேசினார்கள்.

அந்த மிஷினை எங்களுக்குக் கொண்டுவந்தவர் ராபர்ட்சன்பேட்டையில் கட்டட வேலை எடுத்துச் செய்கிற ஒரு காண்ட்ராக்டர். தொண்ணூறுகளின் கடைசி அது. பெங்களூரில் எல்லாம் மிஷின் வேலை வந்துவிட்டது, உளி வைத்துக் கொத்திக்கொண்டிருந்தால் ஜன்னல் முடிய வருஷம் ஆகும் என்று சொல்லி, ஒரு ரூட்டர் மிஷினை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டி எடுத்து வந்தார். ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நிறைய கதவும் கண்ணாடி ஜன்னலும் செய்ய வேண்டியிருந்தது. வேலை எங்களுக்கு, மிஷின் அவருடையது என்று பேச்சு.

பார்க்க ஒரு கனமான உருளை மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் பிடி. அடியில் தட்டு, தட்டின் நடுவே துளை, துளை வழியாகக் கட்டர் கீழே நீட்டிக்கொண்டு நிற்கும். கட்டரின் நுனியில் ஒரு குட்டி பேரிங். அந்த பேரிங் மரத்தின் ஓரத்தில் உரசிக்கொண்டு போக, அதற்கு மேலே உள்ள கட்டர் மரத்தைத் தின்றுகொண்டு போகும். கண்ணாடி உட்காருவதற்கு ஜன்னல் சட்டத்தில் ஒரு காடி வேண்டுமல்லவா, உளியில் ஒரு நாள் பிடிக்கும் அந்த வேலையை இது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிடும் என்றார் காண்ட்ராக்டர்.

ஓட்டிக் காட்டினார். ஒரு பலகையை மேசையில் வைத்து, தன் பக்கத்து ஓரத்தில் மிஷினை வைத்து, இடமிருந்து வலமாகத் தள்ளினார். அது சுரீரென்று கத்திக்கொண்டு போனது. ஓரம் வழவழவென்று வந்தது. "இடமிருந்து வலம். இது ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ மேஸ்திரி, போதும்" என்றார். கடைக்காரன் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான் போலிருக்கிறது. அவர் எங்களுக்குச் சொன்னதும் அவ்வளவுதான்.

முதல் சில நாட்கள் என் வீட்டுக்காரர் கதவுகளின் வெளி ஓரங்களை மட்டும் உருட்டினார். இடமிருந்து வலம். ஒரு ஓரம் முடிந்ததும் கதவைத் திருப்பி வைப்பார், மறுபடியும் தன் பக்கத்து ஓரத்தில் இடமிருந்து வலம். மிஷின் அவருக்குக் கட்டுப்பட்டது. எதிர்த்துத் தள்ளினால்தான் நகர்ந்தது, விட்டால் நின்றது. அவருக்குப் பிடித்துவிட்டது. சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு வெட்டிய ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார்.

பிறகு ஜன்னல்கள். அவற்றில் காடி உள்பக்கம் வெட்ட வேண்டும், சட்டத்தின் நடுவில் இருக்கிற வெற்றிடத்துக்குள் கட்டரை இறக்கி. அன்றைக்குக் காலையில் காண்ட்ராக்டர் வந்திருந்தார். என் வீட்டுக்காரர் அவரிடம் உள்பக்கத்துக்கும் அதே மாதிரிதானா என்று கேட்டார். நான் பாலிஷ் துணியோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் காதால் கேட்டேன். காண்ட்ராக்டர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே, "எல்லாம் ஒண்ணுதான் மேஸ்திரி, இடமிருந்து வலம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னல் சட்டத்தை மேசைமேல் படுக்க வைத்தார். அசையாமலிருக்க இரண்டு பக்கம் கட்டை அடித்திருந்தார். முதலில் தனக்கு எதிர்ப்பக்கம் இருந்த சட்டத்தின் உள் ஓரம். கையை நீட்டி, இடமிருந்து வலமாகத் தள்ளினார். அழகாக வெட்டியது. அடுத்து தன் வயிற்றை ஒட்டி இருந்த சட்டத்தின் உள் ஓரம். அதே இடத்தில் நின்றார், அதே மாதிரி இடமிருந்து வலம். கட்டர் மரத்தைத் தொட்ட உடனே சத்தம் மாறியது. மிஷின் தள்ளாமலே ஓடியது. கயிறு அறுத்துக்கொண்ட மாடு மாதிரி வலப்பக்கம் பாய்ந்து, மூலையில் மோதி, எகிறியது. சட்டம் கட்டையிலிருந்து கழன்று நகர்ந்தது. அதைப் பிடிக்க இடது கையை எடுத்தார். அந்தக் கணத்தில் மிஷின் சாய்ந்து, சுற்றிக்கொண்டிருந்த கட்டர் அவர் கட்டைவிரலின் அடியில் ஏறிப்போனது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். இதுதான் நடந்தது. நான் பார்த்தது. அன்றைக்கு விடிந்ததிலிருந்து அவர் என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. காபி குடித்தார், இரண்டு இட்லி சாப்பிட்டார், வேலைக்கு வந்தார்.

ஆனால் ஆஸ்பத்திரியில் கேட்ட அந்தக் கேள்வி எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. தெருவில் யாரும் எப்படி அடிபட்டது என்று கேட்கவில்லை. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரா?" என்றுதான் கேட்டார்கள். ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்த அவருடைய அக்கா மறுநாளே வந்தார். தம்பியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்து அழுதார். அப்புறம் என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய், வீட்டில் ஸ்பிரிட் பாட்டிலை ஏன் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கிறாய் என்று கேட்டார். சுரங்கத்து ஆட்கள் அதில் தண்ணீர் கலந்து குடிப்பது தனக்குத் தெரியாதா என்றார்.

"அக்கா, அவரு குடிக்கல. நான் கூடவே இருந்தேன்" என்றேன்.

"நீ அவன வுட்டுக் குடுக்க மாட்டேம்மா. எனக்குத் தெரியும்" என்று என் தோளைத் தட்டினார்.

பாராட்டுகிற மாதிரி தட்டினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் சொல்வது பொய் என்று முடிவு கட்டிவிட்டு, அந்தப் பொய்க்காக என்னை நல்லவள் என்றார்.

காண்ட்ராக்டர் ஒரு வாரம் கழித்து வந்தார். கையைப் பற்றி விசாரித்தார். மிஷினைத் தூக்கிப் பார்த்தார், கட்டர் உடைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். விலை உயர்ந்த சாமானை நம்பிக் கொடுத்தேன், இப்படிச் செய்யலாமா மேஸ்திரி என்றார். உங்களைக் கேட்டுத்தானே ஓட்டினார், எல்லாம் ஒன்றுதான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். அவருக்கு அது நினைவில்லை. தான் நிதானமாக ஓட்டச் சொன்னதாக நினைவு. நிதானம் என்ற சொல்லைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்பி மிஷினை எடுத்துக்கொள்கிறேன், பேத்தமங்களாவில் வேறொரு தச்சரிடம் வேலையைக் கொடுத்துவிட்டேன் என்றார்.

இவ்வளவையும் என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.  காண்ட்ராக்டர் போனதும் நான் அவர்மேல் பாய்ந்தேன். வாயில் என்ன கொழுக்கட்டையா, குடிக்கவில்லை என்று ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

அவர் கட்டுப் போடாத வலது கையை முன்னால் நீட்டி, விரல்களைப் பார்த்தார். "அன்னிக்கிக் குடிக்கல. ஆனா எத்தினி வருஷம் குடிச்சேன். நரம்பு போயிருக்கும். கை நடுங்கியிருக்கும். மிஷினு மேல இன்னா தப்பு" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆஸ்பத்திரி ஆள்மேல், அக்காமேல், காண்ட்ராக்டர்மேல் இருந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. ஊர் பேசியதை இவரே நம்பிவிட்டார். வீட்டுக்குள் வந்து, நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது அந்தப் பேச்சு. அன்றைக்கு நான் சோறு போடவில்லை. மகள்தான் போட்டாள்.

மறுநாள் மத்தியானம் கொட்டகைக்குப் போனேன். அந்த ஜன்னல் அப்படியே மேசைமேல் கிடந்தது, ரத்தக் கறையோடு. மத்தி மரம், நல்ல கட்டை. உப்புத்தாள் போட்டுக் கறையையாவது எடுக்கலாம் என்று தேய்க்க ஆரம்பித்தேன். உண்மையில் எதையாவது அழுத்தித் தேய்க்க வேண்டும் போலிருந்தது.

தேய்க்கும்போதுதான் கவனித்தேன். எதிர்ப்பக்கத்துச் சட்டத்தின் காடி கண்ணாடி மாதிரி இருந்தது. விரலில் ஒரு சிம்பு தட்டவில்லை. என் பக்கத்துச் சட்டத்தில் மட்டும் கட்டர் கவ்விக் கவ்விப் போன பள்ளங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஆழமாக, மூலை வரைக்கும். ஒரே ஆள், ஒரே கை, ஒரே நிமிஷம். கை நடுங்கியிருந்தால் அந்தப் பக்கமும் நடுங்கியிருக்க வேண்டாமா? கையை நீட்டி வெட்டிய பக்கம் சுத்தமாக இருக்கிறது, கிட்டத்தில் வெட்டிய பக்கம் கிழிந்திருக்கிறது. நடுக்கம் என்றால் அது நேர்மாறாக அல்லவா இருக்கும்?

உப்புத்தாளைக் கீழே போட்டேன். பிளக் கழற்றியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு மிஷினைக் கவிழ்த்துப் பிடித்தேன். கட்டரில் இரண்டு பற்கள். எந்தப் பக்கம் கூர், எந்தப் பக்கம் முதுகு என்று பார்த்தாலே எந்தத் திசையில் சுற்றும் என்று தெரிந்துவிடும். நிமிர்த்தி மேலிருந்து பார்த்தால், கடிகார முள் சுற்றுகிற திசை.

எனக்குக் கணக்காக யோசிக்கத் தெரியாது. கையில் பார்த்தால்தான் புரியும். டீ குடித்த டம்ளர் பக்கத்தில் இருந்தது. அதைச் சுற்றி உப்புத்தாளை, சொரசொரப்பு வெளியே இருக்கும்படி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினேன். இதுதான் கட்டர் என்று வைத்துக்கொண்டேன். சட்டத்தின் வெளி ஓரத்தில், என் வயிற்றுப் பக்கம், அதை ஒட்டி வைத்துக் கடிகார முள் திசையில் திருகினேன். டம்ளர் மரத்தைப் பற்றிக்கொண்டு இடது பக்கம் உருண்டது. மறுபடியும் திருகினேன். மறுபடியும் இடது பக்கம். சரி. அப்படியென்றால் வலது பக்கம் தள்ளும்போது நாம் அதை எதிர்த்துத் தள்ளுகிறோம். அதனால்தான் வெளி ஓரத்தில் மிஷின் கட்டுப்பட்டது.

அடுத்து டம்ளரை அதே சட்டத்தின் உள் ஓரத்தில் வைத்தேன். நான் நகரவில்லை. நின்ற இடம் அதேதான், திருகிய திசையும் அதேதான். டம்ளர் வலது பக்கம் ஓடியது.

 மறுபடியும் செய்தேன், வலது பக்கம்தான். எதிர்ச் சட்டத்தின் உள் ஓரத்தில் வைத்தேன். இடது பக்கம். அவ்வளவுதான் விஷயம். வெளி ஓரத்தில் மரம் கட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, என் பக்கத்துச் சட்டத்தின் உள் ஓரத்தில் மரம் கட்டருக்கு இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. மரம் பக்கம் மாறினால் கட்டர் ஓடப் பார்க்கும் திசையும் மாறிவிடும். அங்கே இடமிருந்து வலமாகத் தள்ளினால் அது ஓடப் பார்க்கிற திசையிலேயே நாமும் தள்ளுகிறோம். சக்கரம் மாதிரி உருண்டு ஓடிவிடும். அங்கே வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை யாராவது சொல்லியிருந்தால் என் புருஷனின் விரல் பாழாகியிருக்காது.

அவர் தப்பாக ஓட்டவில்லை. சொன்னபடி ஓட்டினார். சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்ததால்தான் அடிபட்டார். இதை நினைத்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. டம்ளரைச் சுவரில் வீசி அடித்தேன்.

சத்தம் கேட்டு அவர் வந்தார். நான் ஒன்றும் விளக்காமல் மேசையைத் துடைத்தேன். வேறொரு ஜன்னலை எடுத்து வைத்து, இந்த முறை இரும்புக் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மிஷினைச் செருகினேன். அவர் வேண்டாம் என்றார், வந்து கையைப் பிடித்தார். உதறினேன். எனக்குப் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். என் பக்கத்துச் சட்டத்தின் உள் ஓரத்தில் கட்டரை இறக்கி, வலமிருந்து இடமாகத் தள்ளினேன். எதிர்த்தது. தள்ளத் தள்ள வெட்டியது. அவர் இருபது வருஷம் உளி பிடித்தவர், நான் உப்புத்தாள் பிடித்தவள். என் கையிலேயே அது ஒழுங்காக ஓடியது.

நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டேன். வலது கையை ஒரு பிடியில் வைக்கச் சொன்னேன், இன்னொரு பிடியை நான் பிடித்துக்கொண்டேன். முதலில் சரியான திசையில் கொஞ்சம். பிறகு நிறுத்தி, மறுபக்கம், அவர் அன்றைக்குத் தள்ளிய திசையில், மரத்தை மெல்லத் தொடவிட்டேன். இரண்டு பேரும் இறுக்கிப் பிடித்திருந்தும் மிஷின் வெடுக்கென்று இழுத்தது. நான் உடனே அணைத்தேன்.

அவர் பிடியை விடாமல் குனிந்து கட்டரைப் பார்த்தார். பிறகு, "இப்பிடித்தான் இழுத்துச்சு. அன்னிக்கும் இப்பிடித்தான்" என்றார். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நடுக்கம் இல்ல" என்றார். கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைத்தபோது பஞ்சு நூல் இமையில் ஒட்டிக்கொண்டது. நான்தான் எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மிஷினை எடுக்கக் காண்ட்ராக்டரே வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் காட்டினேன், இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் வைத்து. அவர் மறுக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "ஆயித்தும்மா, ஆயித்து. நடந்தது நடந்துபோச்சு" என்றார். வேலை கைமாறிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று மிஷினைக் கட்டிக்கொண்டு போனார். இவர் குடித்துவிட்டு ஓட்டியதாக ஊரில் சொன்னதை மாற்றிச் சொல்வீர்களா என்று கேட்டேன். தான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லையே என்றார்.

ஸ்கூட்டர் போன பிறகு என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, பேத்தமங்களாவுக்குப் போகலாம் வா என்றார். அந்தத் தச்சரிடம் சொல்ல வேண்டுமாம். நான் முடியாது என்றேன். நம் வேலையை எடுத்துக்கொண்டவன், அவனுக்கு நாம் ஏன் சொல்ல வேண்டும், காண்ட்ராக்டர் சொல்லட்டும் என்றேன்.

"அந்தாளு சொல்ல மாட்டாரு. மறந்துடுவாரு. அவனுக்கும் கை கீதில்ல" என்றார்.

புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். எரிச்சல் மட்டும் அடங்கவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். ஏரிக்கரையில் இறங்கி நடக்கும்போதும் இரண்டடி முன்னால்தான் நடந்தேன்.

அந்தத் தச்சர் எங்களைவிட வயதில் சின்னவர். வீட்டு வாசலில் ஜன்னல் சட்டங்கள் அடுக்கியிருந்தன. மிஷின் சற்று முன்புதான் வந்து இறங்கியிருந்தது. எங்களைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. வேலையைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். உட்காரச் சொல்லவில்லை. விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும், கட்டுப் போட்ட கையைப் பார்த்து, குடித்துவிட்டு ஓட்டியதாகக் கேள்விப்பட்டேனே என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் பேசிவிட்டார். அத்தனை நாளில் வெளியாள் ஒருவரிடம் அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அப்போதுதான்.

"நான் குடிக்கல. என் பொண்ணு அஞ்சாவது படிக்கறப்ப வுட்டது. மோந்து பாக்கறதுன்னா பாத்துக்க. அப்புறம் மிஷினப் போடு, காட்றேன்."

அந்த மனிதர் மோந்து பார்க்கவில்லை. மிஷினைச் செருகினார். என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, சட்டத்தைக் கிளாம்பில் இறுக்கி, உள் ஓரத்தில் மெல்லத் தொட்டுப் பார்த்தார். இடமிருந்து வலமாகக் கொஞ்சம் நகர்த்தியதும் அவர் கை இழுபட்டது. உடனே அணைத்துவிட்டு, மிஷினைக் கீழே வைத்தார். தன்னிடமும் இடமிருந்து வலம் என்று மட்டும்தான் சொன்னதாகச் சொன்னார். அரை மணி நேரத்துக்கு முன்னால்! நான் எங்கள் கொட்டகையில் அவ்வளவு காட்டிய பிறகும், அந்த மனிதர் இங்கே வந்து அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தச்சரின் மனைவி பாய் விரித்தார். மோர் கொடுத்தார். 

அதற்குப் பிறகு வேலை எப்படியோ வந்தது. பேத்தமங்களாக்காரரே தன்னால் முடியாத ஜன்னல்களை எங்களுக்கு அனுப்பினார். இருவருமாகச் சேர்ந்து அந்தப் பள்ளிக்கூட வேலையை முடித்தார்கள். என் வீட்டுக்காரரின் கட்டைவிரல் மடங்கவில்லை. உளி பிடிக்க மற்ற விரல்களை வைத்து ஒரு பிடி கண்டுபிடித்துக்கொண்டார். அவருடைய அக்காவிடம் ஒருநாள் டம்ளரை வைத்து எல்லாம் செய்து காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். எழுந்து போகும்போது ஸ்பிரிட் பாட்டிலைப் பரண்மேல் ஏற்றி வைத்துவிட்டுப் போனார்.

ஓரிரு வருஷம் கழித்துச் சுரங்கத்தை மொத்தமாக மூடினார்கள். வெளியே வந்தவர்கள் ஆளுக்கொரு தொழில் தேடினார்கள், சிலர் தச்சுக்கு வந்தார்கள். ஆண்டர்சன்பேட்டை இரும்புக் கடையில் கீல் வாங்க நின்றுகொண்டிருந்தேன். அங்கே காண்ட்ராக்டர் இரண்டு புது ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தார். ரூட்டர் மிஷின் என்றால் வெளியே இடமிருந்து வலம், உள்ளே வலமிருந்து இடம், இதுகூடத் தெரியாமல் நிறைய பேர் கையை வெட்டிக்கொள்கிறார்கள், நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறேன் என்றார். என்னை அவர் பார்க்கவில்லை.

நான் கீலைக் கடைப் பலகைமேல் வைத்துவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் பொம்பளை கத்துகிறாள் என்று போய்விடுவார்கள்.

"எங்க வீட்டுக்காரரு குடிக்கல. உள்பக்கம் எப்பிடி ஓட்றதுன்னு உங்களக் கேட்டாரு. எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னீங்க. நீங்க சொன்ன மாதிரி ஓட்டித்தான் விரல் மடங்காமப் போச்சு. இப்ப நீங்க சொல்லிக் குடுக்கறது நாங்க உங்களுக்குச் சொன்னது."

கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டுப் பார்த்தார். புது ஆட்கள் இருவரும் காண்ட்ராக்டரைப் பார்த்தார்கள். "அது பழைய கதைம்மா" என்று அவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மன்னிப்பு என்ற சொல் அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. நானும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அவர் இழைத்துக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை. இன்னாத்துக்கு இதெல்லாம், வுடு என்று முணுமுணுத்தார். நான் பாலிஷ் துணியை எடுத்துக்கொண்டு என் மூலைக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்து இழைக்கிற சத்தம் நின்றது.

"கடையில எத்தினி பேரு இருந்தாங்கோ?" என்று கேட்டார்.

மூன்று பேர் என்றேன். யார் யார் என்று கேட்டார். கடைக்காரர், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருந்து வந்த இரண்டு ஆட்கள் என்று சொன்னேன். அந்த இரண்டு பேரில் ஒருவர் உயரமானவரா, முன்னால் லெவலில் தன்கூட வேலை செய்தவரா என்று கேட்டார். உயரமானவர்தான் என்றேன்.

"அவன் நாலு பேர்கிட்ட சொல்லுவான்" என்றார். பிறகு மறுபடியும் இழைக்க ஆரம்பித்தார்.